ஜெமினி வாசன்

மதுரைக்கு வடமேற்கே, 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட ஆனையூரிலிருந்து பரவைக்கு அதிக தூரமில்லை. அங்குள்ள கேளிக்கைப் பூங்காவிற்கு விடுமுறை நாட்களில் குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் பலர். அக்குழந்தைகளின் புத்தகப் பைகளில் சிரித்துக்கொண்டு நிற்பது யார் என்று பார்த்தால், அமெரிக்க தேசத்து எலியாகிய மிக்கி! வெள்ளித்திரையில் பிறந்த ஒரு சித்திரத்தை டெலிவிஷனுக்கும், பூங்காவுக்கும், பள்ளிப் பிள்ளையின் முதுகுக்கும் கொண்டு சேர்க்கும் வித்தையை உலகுக்குக் காட்டியவர் வால்ட் டிஸ்னி. ஊக்கத்தில் அவருக்கு இளைக்காத ஒருவர் நம் தமிழ்நாட்டிலும் வாழ்ந்தார். அவர் காலஞ்சென்ற ஸ்ரீ எஸ். எஸ். வாசன். அவருடைய சரித்திரத்தை இவ்விஷயத்தோடு வைத்துச் சற்றே ஆராய்வது நம் கடமையென்று கருதுகிறோம்.

ஸ்ரீநிவாசன் என்னும் இயற்பெயருடைய வாசன் திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர். இளம் பிராயத்திலேயே தந்தையை இழந்து, தாயாருடன் சென்னைக்கு வந்தார். பச்சையப்பன் கல்லூரியில் படித்தாராயினும் படிப்பை முடிக்கவில்லை. பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுப்பதும், தபால் மூலம் சாமான்கள் விற்பதுமே அவருடைய முதல் தொழில்கள். எதைச் சொன்னால் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதை அவர் அங்கேதான் கற்றார். 1928-ஆம் ஆண்டில், நொடித்துப்போகும் நிலையிலிருந்த 'ஆனந்த விகடன்' பத்திரிகையைச் சொற்பக் கிரயத்திற்கு வாங்கினார். அதே 1928-இல்தான் டிஸ்னி, தாம் உண்டாக்கிய முயல் சித்திரத்தின் உரிமை தமக்கில்லாமல் அதைப் பறிகொடுத்து, பிறகு மிக்கி எலியைப் படைத்துத் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டார். இருவருக்கும் ஒரே ஆண்டில் வாழ்வு திரும்பிற்று.

கல்கி அவர்களின் எழுத்தும், மாலி அவர்களின் சித்திரமும், குறுக்கெழுத்துப் போட்டிகளும் விகடனை வீடு தோறும் கொண்டு சேர்த்தன. ஒரு கதையை ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பது வாசனுடைய சுபாவமன்று. அவர் எழுதிய 'சதி லீலாவதி' 1936-இல் படமாயிற்று. கல்கியின் 'தியாகபூமி' விகடனில் தொடர்ந்து வெளிவந்தபோதே, டைரக்டர் கே. சுப்பிரமணியம் அதைப் படமாக எடுத்து வந்தார். அப்படத்தின் காட்சிகளே பத்திரிகையில் கதைக்கு அலங்காரமாயின. வாசகன் படத்துக்கும், படம் பார்த்தவன் பத்திரிகைக்கும் இழுக்கப்பட்டான். 1939-இல் வெளிவந்த அப்படத்தின் விநியோகத்தையும் வாசனே ஏற்றார். தேசபக்தி ததும்பிய அப்படத்தைப் பிரிட்டிஷ் சர்க்கார் பின்னர் தடை செய்தது, நம் வாசகர்களுக்குத் தெரிந்த கதையே.

தீவிபத்துக்குள்ளாகி ஏலத்திற்கு வந்த ஒரு ஸ்டூடியோவை வாங்கி, ஜெமினி என்று பெயரிட்டார். கொம்பு ஊதும் இரட்டைச் சிறுவர்கள் அதன் சின்னமாயினர். பத்திரிகைக்கு விகடன் தாத்தா, படத்திற்கு இரட்டையர் என இரண்டு உருவங்கள், படிக்கத் தெரியாதவனுக்கும் அடையாளம் தெரிந்தவை!

அடுத்து 'சந்திரலேகா'. ஐந்து ஆண்டு உழைப்பு. செலவு சுமார் 30 லட்ச ரூபாய் என்பர். அக்காலத்தில் நம் நாட்டில் எவரும் கேட்டறியாத தொகை அது. நடுவில் டைரக்டர் விலக, வாசனே டைரக்‌ஷன் பொறுப்பை ஏற்றார். கடன் வாங்கினார். சர்க்கஸ் கம்பெனிகளை ஸ்டூடியோவிலேயே தங்க வைத்தார். பிரம்மாண்டமான முரசுகளின் மீது நடனம் நிகழ்ந்தது. குகையில் அடைபட்ட வீரனை மீட்கச் சர்க்கஸ் யானைகளே பாறையைப் புரட்டின. (யானைகளிடம் வாசனுக்கு நம்பிக்கை அதிகம்; 1953-இல் வந்த 'ஔவையா'ரிலும் கோட்டையை இடிக்க அவற்றையே அழைத்தார்.) 1948 ஏப்ரலில் தமிழிலும், அவ்வாண்டு டிசம்பரில் ஹிந்தியிலும் வெளிவந்த சந்திரலேகா, தென்னாட்டுப் படத்தை வடநாடு ஏற்குமா என்ற ஐயத்தைத் தீர்த்தது. 1937-இல் டிஸ்னி தம் சொத்தையெல்லாம் 'ஸ்னோ ஒயிட்' என்னும் ஒரே சித்திரப் படத்தில் பணயம் வைத்ததற்கு ஈடாக நம் நாட்டில் எதையாவது காட்டவேண்டுமானால் இதையே காட்டுவோம்.

இதன் பிறகு இருவர் பாதையும் பிரிந்தன. டிஸ்னி, கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோப்புகளை வாங்கிப் பூங்கா அமைக்க எண்ணியபோது, கடன் தருவோர் தயங்கினர். ஏபிசி என்னும் டெலிவிஷன் கம்பெனி 5 லட்சம் டாலர் முதலீடு செய்து, 45 லட்சம் டாலர் கடனுக்கு ஜாமீனும் நின்றது. கைம்மாறாக அவர் வாரந்தோறும் அக்கம்பெனிக்கு நிகழ்ச்சி தயாரித்துக் கொடுத்தார். 1954 அக்டோபரில் நிகழ்ச்சி தொடங்கியது. 1955 ஜூலையில் பூங்கா திறக்கப்பட்டது. நிகழ்ச்சி பூங்காவுக்கு விளம்பரம். பூங்கா படத்துக்கு விளம்பரம். விளம்பரத் தொழிலில் வளர்ந்த வாசனுக்கு இக்கணக்குப் புரியாமலிருந்திருக்குமென்று நாம் நம்பவில்லை.

ஆனால் அவர் எந்த டெலிவிஷன் கம்பெனியிடம் போவார்? டில்லியில் சர்க்கார் பரீட்சார்த்தமாக ஒளிபரப்புத் தொடங்கியதே 1959 செப்டம்பரில். சென்னைக்கு அது வந்தது 1975 ஆகஸ்டில். தனியாருக்கு இடம் கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. இது ஒரு காரணம். மற்றொன்று நம் சினிமாத் தொழிலின் வழக்கம். ஏரியா வாரியாகப் படத்தை விற்று, அடுத்த படத்துக்குப் பூஜை போடுவதே இங்கு வியாபாரம். அறுவடை முடிந்த வயலை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சர்க்கார்மீது குறை சொல்லும் படவுலகத்தார் இதையும் சேர்த்து எண்ணவேண்டுமென்பது நம் அபிப்பிராயம். சந்திரலேகாவுக்காகத் திரட்டிய சர்க்கஸும் முரசும் அரண்மனையும், படம் முடிந்ததும் கலைந்தன. அவற்றைக் காசு கொடுத்துப் பார்க்க மதுரையிலிருந்தும் ரயிலேறி ஜனங்கள் வந்திருப்பார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. நமது காட்டையும் கரடியையும் புலியையும் கொண்ட 'ஜங்கிள் புக்' கதையைக்கூட 1967-இல் டிஸ்னி கம்பெனிதான் சித்திரமாக்கிற்று.

வாசன் 1964-இல் ராஜ்ய சபை அங்கத்தினரானார். 1969-இல் பத்மபூஷண் விருது பெற்று, அவ்வாண்டு ஆகஸ்ட் 26-ஆம் தேதி காலமானார். டிஸ்னி அதற்கு முன்பே, 1966 டிசம்பரில் மறைந்திருந்தார். ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று பெரிய ஓட்டல் ஒன்று நிற்கிறது. அருகே 1973-இல் கட்டப்பட்ட மேம்பாலத்திற்குச் சர்க்கார் அண்ணாவின் பெயரைச் சூட்டியும், ஜனங்கள் அதை ஜெமினி மேம்பாலம் என்றே அழைத்து வருகின்றனர். விகடன் ஸ்தாபனம் டெலிவிஷன் தொடரில் இறங்கி, 2003 முதல் 2009 வரை 'கோலங்கள்' தொடரைத் தயாரித்தது. அதைத் தமிழ்நாடெங்கும் வீடு தோறும் பார்த்தார்கள். வாசன் மறைந்து அப்போது 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.