கரையை உயர்த்தினால் வெள்ளம் நிற்குமா? 60 ஆண்டுக் கணக்கைப் புரட்டிய மஹலனோபிஸ்!

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினாலே பூந்தமல்லி பக்கம் நமக்கெல்லாம் பக்குன்னு இருக்கும். 1926-ல் ஒடிசாவிலும் அப்படித்தான், பிராமணி ஆற்றில் பெருவெள்ளம். ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டது, கரையை உயர்த்துங்கள் என்றார்கள் பொறியாளர்கள். 1893-ல் கொல்கத்தாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்த பி.சி.மஹலனோபிஸ், சுமார் 60 ஆண்டுப் பதிவுகளைப் பார்த்தார். படுகை உயரவே இல்லை! மேல்பகுதியில் கொட்டிய மழைதான் காரணம்.

உளவியலிலும் இதே சிக்கல்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்குத் தூக்கம் கெட்டு மனச்சோர்வு வந்ததா, மனச்சோர்வால் தூக்கம் கெட்டதா? ஒருமுறை கேட்டால் தெரியாது. அதே ஆளிடம் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் எது முன்னால் வந்தது என்றாவது பிடிபடும்.

1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மஹலனோபிஸ், 79-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், 1972 ஜூன் 28-ல் காலமானார். ஜூன் 29 இப்போது தேசியப் புள்ளியியல் தினம்.