மதுவிலக்கு கண்ட ஓமந்தூரார்

தேவாரப் பாடல் பெற்ற திருத்தலமாகிய இரும்பையிலிருந்து வடக்கே கழுவெளி ஈரநிலத்தைக் கடந்து சென்றால், மரக்காணத்து உப்பளங்கள் வெண்ணிறமாய் விரிந்து கிடக்கும். உச்சி வெயிலில் உப்பு வாரும் தொழிலாளரும் கடலை நம்பி வாழும் மீனவரும் உழவரும் பனையேறிகளும் வாழும் பகுதி இது. நாள் முழுதும் உழைத்துப் பெற்ற கூலி, வீடு சேருமுன் கள்ளுக்கடையில் கரைந்த காலம் ஒன்று இருந்தது. அக்கடைகளால் அரசின் கருவூலம் நிறைந்தது. ஏழைகளின் அடுப்புகள் அணைந்தன. குடும்பங்களின் அழிவில் பிறக்கும் வருவாய் ஓர் அரசுக்குத் தேவைதானா? இவ்வினாவிற்குச் செயலால் விடையளித்தவர், இப்பகுதியை அடுத்த திண்டிவனம் வட்டத்து ஓமந்தூரில் பிறந்த ஓ.பி. இராமசாமி. ஊர்ப்பெயரே அவருக்குரிய பெயராக நிலைத்தது. மக்கள் அவரை ஓமந்தூரார் என்றே அழைத்தனர்.

1895ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் உழவர் குடும்பத்தில் பிறந்த ஓமந்தூரார், திண்டிவனத்தில் பள்ளிக்கல்வி பயின்றார். காந்தியடிகளின் கொள்கைகளால் ஈர்க்கப்பட்டுக் காங்கிரசு இயக்கத்தில் இணைந்தார். கதராடையும் எளிய உணவும் அவரது வாழ்க்கை முறையாயின. இரமண மகரிஷியிடம் பக்தியும் வள்ளலாரின் சன்மார்க்க நெறியில் பற்றும் கொண்டிருந்தார். உயிர்கள்மீது இரக்கம் கொள்வதே வழிபாடு என்னும் அந்நெறி, அவரது பொதுவாழ்விற்கும் அடித்தளமாயிற்று.

மதுவிலக்குக் கோரிக்கை சட்டமன்றத்தில் பிறந்ததன்று, தெருவில் பிறந்தது. 1921ஆம் ஆண்டு ஈரோட்டில் நடைபெற்ற கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றனர். திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் பணியாற்றிய இராஜாஜி, 1929இல் மதுவிலக்கிற்கென்றே ‘விமோசனம்’ என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார். அதன் ஆசிரியப் பணியில் கல்கி துணைநின்றார். குடியால் நலிந்த குடும்பங்களின் துயரைக் கதைகளாகவும் படங்களாகவும் மக்களிடம் எடுத்துச் சென்றது அவ்விதழ்.

1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரான இராஜாஜி, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். அப்போது எழுந்த பெரிய எதிர்ப்பு நிதியைப் பற்றியது. கலால் வருவாயை இழந்தால் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் எவ்வாறு நடத்துவது என்று பலரும் வினவினர். அதற்கு விடையாக 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. குடிப்பவரின் குடும்பம் மட்டும் சுமந்த பாரத்தைச் சமுதாயம் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. எனினும் அவ்வாண்டே அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில் மதுவிலக்கு கைவிடப்பட்டது.

1947 மார்ச்சு 23 அன்று ஓமந்தூரார் மாகாணத்தின் பிரதமரானார். விடுதலைக்கு முன்னும் பின்னும் அப்பொறுப்பை வகித்தவர் அவர். ஆலய நுழைவுச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம், ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் ஆகியன அவரது ஆட்சியில் நிறைவேறின. பாரதியாரின் படைப்புகளை நாட்டுடைமையாக்கும் முடிவும் அவர் காலத்தில் எடுக்கப்பட்டதே. 1946 முதல் படிப்படியாக மீண்டும் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு, 1948ஆம் ஆண்டு காந்தியடிகள் பிறந்த நாளன்று மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. கருவூலத்திற்குப் பெரும் இழப்பு நேரும் என்பதை அறிந்தே ஓமந்தூரார் இம்முடிவை மேற்கொண்டார். பனைத்தொழிலாளர் வாழ்வு நலியாதிருக்கப் பதநீர் இறக்குதலும் வெல்லம் காய்ச்சுதலும் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே ஊக்குவிக்கப்பட்டன.

சட்டம் தடைகளையும் சந்தித்தது. இரும்பைப் பகுதிக்கு அருகிலேயே இருந்த புதுச்சேரி, அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது; அங்கு மதுவிற்குத் தடையில்லை. எல்லை கடந்து மது வந்தது. மறைவிடங்களில் சாராயமும் காய்ச்சப்பட்டது. கடையை மூடினாலும் குடிநோயாளியின் உடலிலும் உள்ளத்திலும் வேரூன்றிய வேட்கை தானாக மறைவதில்லை. அவருக்கு மருத்துவமும் மனநல ஆதரவும் மாற்று வாழ்வும் வேண்டும். சட்டம் தொடங்கிய பணியில் நிறைவு பெறாமல் எஞ்சிய பகுதி இதுவே.

சட்டமன்ற உறுப்பினர்களின் பரிந்துரைகளுக்கு வளைந்து கொடுக்காத நேர்மையால் கட்சிக்குள்ளேயே ஓமந்தூராருக்கு எதிர்ப்பு வளர்ந்தது. 1949 ஏப்ரலில் அவர் பதவி விலகினார். பின்னர் வடலூருக்குச் சென்று, கல்விப் பணியிலும் ஆதரவற்ற சிறுவர்களைப் பேணும் பணியிலும் ஈடுபட்டார். 1970 ஆகஸ்டு 25 அன்று இயற்கை எய்தினார். மறு ஆண்டு மதுவிலக்கு தளர்த்தப்பட்டது.

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவக் கிராமத்தில் நச்சுச் சாராயம் பல உயிர்களைப் பறித்தது. ஓமந்தூரார் பிறந்த மண்ணுக்கு அருகிலேயே நிகழ்ந்த அத்துயரம், அவர் எதிர்கொண்ட வினா இன்னும் உயிருடன் இருப்பதை உணர்த்துகிறது. மதுவிற்கு அடிமையாதலால் விளையும் மனநலக் கேடுகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் மனநலச் சேவைகளில் சிகிச்சை பெறுவது அவர்களின் உரிமை என்கிறது. அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடாதிருக்க, வட்டார மருத்துவமனைகளில் மனநல மருத்துவரும் ஆற்றுப்படுத்துநரும் படுக்கைகளும் வேண்டும். அவற்றிற்கு நிதி வேண்டும். கிராம சபையில் எழுந்து அந்நிதியைக் கேட்பது குடிமக்களின் கடமை. குடிநோயாளியை இகழாமல் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வது சுற்றத்தாரின் கடமை. வருவாயைவிட உயிர் பெரிது என்று முடிவெடுத்த ஓமந்தூராருக்கு நாம் செலுத்தும் நன்றி இக்கடமைகளை நிறைவேற்றுவதேயாகும்.