ஒரு கோடியில் ஒரு துகள்: புற்றுக்கட்டியைத் தேடும் ஆய்வுக்கு வித்திட்ட சர் சி.வி.ராமன்

பெங்களூரு: தங்க நானோ துகள்களின் துணையுடன், உடலில் மறைந்திருக்கும் புற்றுக்கட்டியை ஒளியால் கண்டறியும் ஆய்வுகள் உலகின் பல ஆய்வகங்களில் நடைபெற்று வருகின்றன. அவற்றில் ஒரு முக்கியப் பிரிவுக்கு அடித்தளமாக விளங்குவது, தம் வாழ்வின் இறுதி 37 ஆண்டுகளை பெங்களூருவில் கழித்த தமிழரான சர் சி.வி.ராமனின் கண்டுபிடிப்பாகும்.

திருச்சிராப்பள்ளியில் 1888 நவம்பர் 7-ஆம் தேதி பிறந்த ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். 1907-இல் நிதித்துறை அதிகாரியாக கொல்கத்தாவில் பணியேற்ற அவர், அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதை ஆய்வகத்தில் செலவிட்டார். 1917-இல் குறைந்த ஊதியத்தை ஏற்று, அரசுப் பணியைத் துறந்து கொல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

கே.எஸ்.கிருஷ்ணனுடன் இணைந்து அவர் மேற்கொண்ட ஆய்வு, 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி பலன் தந்தது. ஒரே நிற ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது, அதன் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிப்படுகிறது. இந்த மாற்றம் கைரேகையைப் போல் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். இதற்காக 1930-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1933-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். நிர்வாகத்துடன் எழுந்த கருத்து வேறுபாடுகளால் 1937-இல் அப்பதவியிலிருந்து விலகினார். எனினும் 1948 வரை அங்கேயே பேராசிரியராகத் தொடர்ந்தார். ஓய்வுக்குப் பின், தாம் நிறுவிய ராமன் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். 1954-இல் பாரத ரத்னா விருது பெற்றார்.

சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்றே நிறம் மாறுவதால், ராமன் விளைவு மருத்துவத்துக்கு எளிதில் பயன்படவில்லை. 1974-இல் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில், கரடுமுரடான வெள்ளிப் பரப்பில் வலுவான ராமன் ஒளி பதிவானது. உலோகப் பரப்பே அவ்வொளியைப் பன்மடங்கு பெருக்குகிறது என்பது 1977-இல் தெளிவானது.

அதே பணியைத் தங்க நானோ துகள்களும் செய்கின்றன. 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், கட்டியை நாடிச் செல்லும் துகள்களை எலிகளின் உடலில் செலுத்திக் கட்டியைக் கண்டறிந்தனர். 2012-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, எம்.ஆர்.ஐ. படத்திலும் புலப்படும் துகள்களைக் கொண்டு எலிகளின் மூளைக்கட்டியின் எல்லையை வரையறுத்தது. அறுவை சிகிச்சையில் கட்டி மிச்சமின்றி அகற்றப்பட்டதா என்பதை அறிய இம்முறை உதவக்கூடும்.

ஆயினும், ஒளி திசுவுக்குள் ஆழமாக ஊடுருவுவதில்லை. செலுத்தப்படும் தங்கம் கல்லீரலில் நெடுநாள் தங்கிவிடுவதும் பாதுகாப்பு குறித்த கேள்வியை எழுப்புகிறது.

1970 நவம்பர் 21-ஆம் தேதி காலமான ராமனின் உடல், அவரது விருப்பப்படி ஆய்வு நிறுவனத் தோட்டத்திலேயே தகனம் செய்யப்பட்டது. பிப்ரவரி 28-ஆம் தேதி ஆண்டுதோறும் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது.