இடமும் வலமும் கண்ட லூயி பாஸ்டர்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

குன்னூரில் சிம்ஸ் பூங்காவின் அருகே கம்பீரமாக நிற்கும் பாஸ்டர் நிலையத்தை நம்மில் அறியாதவர் யார்? வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டவர் என்றே லூயி பாஸ்டரை நாம் போற்றுகிறோம். ஆனால் அவர் மருத்துவர் அல்லர்; வேதியியல் அறிஞர். இளமையில் அவர் கண்ட ஓர் உண்மைதான், அமினோ அமிலங்களைக் கொண்டு மண்ணையும் நீரையும் கெடுக்காமல் இரசாயனப் பொருள்களைத் தயாரிக்கும் இன்றைய கலைக்கு வித்தாயிற்று.

பிரான்சு நாட்டில் டோல் என்னும் ஊரில் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பாஸ்டர் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. சிறுவன் லூயிக்குப் படிப்பைவிட ஓவியத்தில் நாட்டம் அதிகம். 1842-இல் எழுதிய பட்டத் தேர்வில் வேதியியலில் அவர் பெற்றது நடுத்தரமான மதிப்பீடே. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. மறு ஆண்டே பாரிஸில் புகழ்பெற்ற எக்கோல் நார்மால் கல்லூரியில் சேர்ந்தார்.

1848-இல், தம் இருபத்தைந்தாம் வயதில், திராட்சையிலிருந்து கிடைக்கும் டார்டாரிக் அமிலத்தைப் பற்றிய ஒரு புதிரை அவர் ஆராய்ந்தார். இந்த அமிலத்தின் கரைசல் ஒரே தளத்தில் அதிரும் ஒளியை வலப்புறம் திருப்பியது. அதே கூறுகள் கொண்ட ரஸிமிக் அமிலமோ ஒளியைத் திருப்பவே இல்லை. ரஸிமிக் அமில உப்பின் படிகங்களை நுண்ணோக்கியில் உற்றுப் பார்த்தார் பாஸ்டர். சிலவற்றின் ஓரமுகம் வலப்புறமும், சிலவற்றின் ஓரமுகம் இடப்புறமும் சாய்ந்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரு குவியலாகப் பிரித்துக் கரைத்தார். ஒரு கரைசல் ஒளியை வலப்புறமும், மற்றது இடப்புறமும் திருப்பியது! ஒரே பொருளின் மூலக்கூறுகள் நம் இரு கைகளைப் போல, ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பமாக இருக்கக்கூடும் என்பது தெளிவாயிற்று. குளிருக்கு நாம் அணியும் வலக்கை உறை இடக்கைக்குப் பொருந்துமா? மூலக்கூறுகளின் உலகிலும் அப்படித்தான்.

பின்பு ஆஸ்பார்டிக் அமிலம் என்னும் அமினோ அமிலத்தையும் அவர் ஆராய்ந்தார். ரஸிமிக் அமிலத்தில் வளர்ந்த பூஞ்சணம் வலக்கை வகையை மட்டும் உண்டு, இடக்கை வகையை விட்டுவைப்பதையும் கண்டார். உயிர்கள் கை பார்த்தே தேர்ந்தெடுக்கின்றன! நம் உடலின் புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் ஏறத்தாழ எல்லாமே இடக்கை வகை என்று இன்று அறிவோம்.

அடுத்து, ஒயின் காடியாவதை ஆராய்ந்தார். நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனைக் கொண்டு சாராயத்தை அசெட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. சாராயம் தீரும்வரை அவை அந்த நிலையிலேயே நிற்கின்றன. இவ்வாறு வேண்டிய அளவுக்கு மட்டும் நடப்பதே தேர்ந்த ஆக்ஸிஜனேற்றம். நம் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் இத்தகைய வினை நடக்கிறது. கொழுந்து நசுங்கியதும் அதிலுள்ள நொதி காற்றின் துணையால் இலையைச் செம்பு நிறமாக்குகிறது. தக்க நேரத்தில் சூடு காட்டி அதை நிறுத்துகிறார்கள். நொதி என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்தும் வினையூக்கி.

ஆய்வுக்கூடங்களில் ஆக்ஸிஜனேற்றத்திற்குக் குரோமிய உப்புகளைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். குரோமியக் கழிவு எத்தகைய நஞ்சு என்பதற்கு நிலத்தடி நீர் கெட்டுப்போன ராணிப்பேட்டையே சாட்சி. 1980-இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் அலனைன் என்னும் அமினோ அமிலத்தைச் சங்கிலியாக்கி, அதையே வினையூக்கியாகக் கொண்டு, ஹைட்ரஜன் பெராக்ஸைடால் ஆக்ஸிஜனேற்றம் செய்தனர். விளைபொருள் பெரும்பாலும் ஒரே கை வகையாக அமைந்தது. ஆக்ஸிஜனைக் கொடுத்தபின் பெராக்ஸைடில் எஞ்சுவதோ வெறும் தண்ணீர்! 2000-இல் புரோலின் என்னும் ஒரே ஓர் அமினோ அமிலத்தை வேறொரு வினைக்கு ஊக்கியாக்கிய பெஞ்சமின் லிஸ்ட், 2021-இல் டேவிட் மாக்மில்லனுடன் நோபல் பரிசு பெற்றார். மருந்து செய்வோருக்கு இது பெரும் வரம். ஒரு கை வகை நோய் தீர்க்க, மறு வகை பயனற்றோ தீங்காகவோ இருப்பதுண்டு.

பாஸ்டரின் வாழ்வில் துயரங்கள் பல. ஐந்து குழந்தைகளில் மூவர் சிறு வயதிலேயே மாண்டனர். அவர்களில் இருவரைக் கொண்டுபோனது டைபாய்டு. 1868-இல் பக்கவாதம் அவருடைய இடப்புறத்தைத் தாக்கியது. மூலக்கூறுகளில் இடமும் வலமும் கண்டவருக்குத் தம் இடக்கையே வசப்படவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதி, ஆய்வுகளுக்குத் துணைநின்றவர் மனைவி மரீ. 1885 ஜூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குப் பாஸ்டரின் தடுப்பு மருந்து செலுத்தப்பட்டது. சிறுவன் பிழைத்தான். 1888-இல் பாரிஸில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. 1895 செப்டம்பர் 28-ஆம் நாள் அவர் மறைந்தார்.

இந்தியாவில் முதல் பாஸ்டர் நிலையம் 1900-இல் வடக்கே கசௌலியில் தோன்றியது. நாய்க்கடி பட்ட தென்னாட்டு மக்கள் அத்தனை தொலைவு செல்ல வேண்டியிருந்தது. 1907-இல் குன்னூரில் நிலையம் திறந்தபின் அந்த அல்லல் தீர்ந்தது.

அன்புத் தோழியரே! நடுத்தர மதிப்பீடு பெற்ற மாணவர் ஒருவர் சில உப்புப் படிகங்களைப் பொறுமையாகப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றும் நம் மருந்துகளுக்கும், நாளை நம் ஆறுகளின் தூய்மைக்கும் உதவுகிறது. நாமும் சிறியது என எதையும் தள்ளாமல், உற்று நோக்கப் பழகுவோமாக!