ஐஸ்கிரீம் கடை வருமானத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி



வரும் டிசம்பரில் நம் சங்கத்தின் சார்பில் பல் பரிசோதனை முகாம் நடத்தலாம் என்று பேச்சு வந்தபோது, செய்திமடலுக்கு அதையொட்டி ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பி.காம். படித்துவிட்டு வங்கியில் வவுச்சர் பார்த்தே காலம் தள்ளியவன் நான். பல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், என் வாயில் நான்கு இல்லை என்பதுதான். ஆனால் டிசம்பர் 24 நம் நாட்டில் தேசியப் பல் மருத்துவர் தினமாம். அது யாருடைய பிறந்த நாள் என்று தேடிப் படிக்கப் போய், டாக்டர் ரஃபியுத்தீன் அகமது என்ற மனிதரின் வாழ்க்கைக்குள் மாட்டிக்கொண்டேன். பல் மருத்துவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த பெயர். அவர்களிடம் வாயைத் திறந்து காட்டும் நமக்குத்தான் தெரியாது.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் ஒரு காட்சி. நான் சிறுவனாக இருந்தபோது மேச்சேரி சந்தையில் ஆடு பிடிக்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒருவர் தரையில் துணி விரித்து உட்கார்ந்திருப்பார். துணியில் பிடுங்கிய பற்கள் குவியலாக இருக்கும். அதுதான் அவருக்கு விளம்பரப் பலகை. கொறடு ஒன்று, ஏதோ ஒரு பொடி, ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. என் அப்பா இரண்டு பற்களை அவரிடம்தான் கொடுத்தார். வலி வந்தால் பல்லைப் பிடுங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு வைத்தியம் உண்டென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்தியா முழுக்க அநேகமாக இதே கதைதான்.

இந்த நிலையை மாற்றப் புறப்பட்டவர் அகமது. 1890 டிசம்பர் 24-ஆம் தேதி கிழக்கு வங்காளத்தில், இன்றைய வங்கதேசத்தில், பிறந்தார். அலிகாரில் படிப்பை முடித்துக்கொண்டு அமெரிக்கா போனார். அந்தக் காலத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வக்கீல் படிப்புக்கோ ஐ.சி.எஸ். பரீட்சைக்கோ லண்டனுக்குக் கப்பல் ஏறுவார்கள். இவர் அமெரிக்காவின் நடுவில் சோளக்காடுகள் நிறைந்த அயோவா மாநிலத்துக்குப் போய், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் 1915-இல் பல் மருத்துவப் பட்டம் வாங்கினார்.

பிறகு பாஸ்டன் நகரில் ஃபோர்சைத் குழந்தைகள் பல் மருத்துவமனையில் 1918 வரை வேலை பார்த்தார். ஏழைக் குழந்தைகளின் பற்களுக்காகவே கட்டப்பட்ட மருத்துவமனை அது. அப்போதுதான் திறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. அவர் வாழ்க்கையில் முக்கியமான காலம் இதுதான் என்பது என் எண்ணம். சந்தைக்காரரின் கொறடு, கெட்டுப்போன பல்லைப் பார்க்கிறது. குழந்தைகள் மருத்துவமனையோ, பல் கெடுவதற்கு முன்பே அதைப் பார்க்கிறது. இந்த வித்தியாசம் நம் வீடுகளில் இன்றும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. ஆறு வயதில் கடைவாயின் ஓரத்தில் முளைக்கும் பெரிய பல்லைப் பால்பல் என்று நினைத்து, சொத்தை விழுந்தாலும் விட்டுவிடுகிற பெற்றோர் எத்தனை பேர்! அது விழுந்து முளைக்கிற பல் அல்ல, ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பல்.

முதல் உலகப்போர் முடிந்து 1919-இல் இந்தியா திரும்பினார். கல்கத்தாவில் ஒரு கிளினிக் போட்டு உட்கார்ந்திருந்தால் சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம். அமெரிக்கப் பட்டம் பெற்ற பல் மருத்துவர் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவரோ 1920-இல் கல்கத்தா பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி.

கல்லூரிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற இடத்தில்தான் வங்கிக்காரனான நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கல்கத்தாவில் நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்று ஒரு கடை ஆரம்பித்தார். அமெரிக்காவில் பார்த்த மாதிரி, சோடாவும் ஐஸ்கிரீமும் விற்கிற கடை. அதில் வந்த வருமானம் கல்லூரிக்குப் போனது! இனிப்பு பல்லைக் கெடுக்கும் என்று பாடம் நடத்தியவர், அந்தப் பாடம் நடத்துகிற கட்டடத்தை இனிப்பு விற்ற காசில் நடத்தியிருக்கிறார். இப்படி ஒரு பிராஜெக்ட் ரிப்போர்ட்டோடு கடன் கேட்டு என் கவுண்டருக்கு யாராவது வந்திருந்தால், மேனேஜரிடம் அனுப்பாமல் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

தொடக்கத்தில் மாணவர்கள் அதிகம் சேரவில்லை. பல் பிடுங்குவதற்கு எதற்குக் கல்லூரி என்று நினைத்த காலம். இருந்தாலும் அங்கே படித்தவர்களில் ஒரு பெண்ணின் பெயர் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முகமது அலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா. படிப்பை முடித்து 1923-இல் பம்பாயில் கிளினிக் திறந்தார்.

கல்லூரி இருந்தால் போதாது, தொழிலுக்கு ஓர் அமைப்பு வேண்டும் என்று அகமதுவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1925-இல் வங்காளப் பல் மருத்துவர் சங்கத்தை உருவாக்கினார். பின்னாளில் இந்தியப் பல் மருத்துவச் சங்கம் வளர்ந்தது அந்த விதையிலிருந்துதான். அதே ஆண்டு இந்தியன் டென்டல் ஜர்னல் என்ற இதழைத் தொடங்கிப் பல வருடங்கள் ஆசிரியராக இருந்தார். 1928-இல் மாணவர்களுக்காக ஒரு பாடநூல் எழுதினார். எதைப் பற்றித் தெரியுமா? சொத்தையைச் சுத்தம் செய்து அடைத்துப் பல்லைக் காப்பாற்றும் முறைகளைப் பற்றி. பிடுங்குவதே வைத்தியமாக இருந்த நாட்டில், பிடுங்காமல் இருப்பதற்கான புத்தகம்.

இங்கே கொஞ்சம் நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நாம் இன்று குடும்பப் பல் மருத்துவரிடம் போனால் அவர் செய்வதில் பெரும்பகுதி இந்தக் காப்பாற்றுகிற வேலைதான். சொத்தை மேலாக இருந்தால் ஃபில்லிங். உள்ளே நரம்பு வரை போய்விட்டால் ரூட் கெனால் செய்து, மேலே கேப் போடுவார்கள். பல்லின் அடியில் கல் மாதிரி படிந்திருக்கும் காரையை எடுப்பது ஸ்கேலிங். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடும் என்று நம் பி பிளாக் பெஞ்சில் ஒரு பெரியவர் அடிக்கடி சொல்வார். உண்மையில் அந்தக் காரைதான் ஈறைத் தின்று பல்லை ஆட்டம் காண வைக்கிறது. அது அடைத்துக்கொண்டிருந்த இடைவெளி, எடுத்தபின் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். இன்னொன்று நம் ஊர்ப்பக்கத்துச் சமாச்சாரம். சேலம், தருமபுரி வட்டாரத்தில் பல இடங்களில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். அது எவ்வளவு தேய்த்தாலும் போகாது. சாம்பல், உப்பு, செங்கல்பொடி என்று தேய்த்துப் பல்லைக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம். மருத்துவரிடம் காட்டினால் வழி சொல்வார்.

நான் இழந்த நான்கில் மூன்று, அடைத்திருந்தால் நின்றிருக்கும். வலி வந்ததும் மாத்திரை போட்டு, ஆடிட் முடியட்டும், மார்ச் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் பிடுங்கியே ஆக வேண்டிய நிலையில் போய் நின்றேன். போன இடத்துக்குப் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, இப்போது முறுக்கு கடிக்க யோசிக்க வேண்டியிருக்கிறது.

அகமதுவுக்குத் திரும்புவோம். யார் வேண்டுமானாலும் கொறடு பிடிக்கலாம் என்ற நிலைக்குச் சட்டம்தான் முடிவு கட்ட முடியும். 1939-இல் வங்காளத்தில் பல் மருத்துவர்களுக்கான சட்டம் வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1948-இல் நாடு முழுவதற்குமான பல் மருத்துவர் சட்டம் வந்தது. கிளினிக் சுவரில் மருத்துவரின் பட்டத்துக்குப் பக்கத்தில் பதிவு எண் என்று ஒன்று எழுதியிருக்குமே, அந்த ஏற்பாடு இந்தச் சட்டத்தின் வழியாக வந்தது. இனி போகும்போது அதை ஒரு தடவை பாருங்கள்.

அதற்குள் நாடு இரண்டாகிவிட்டது. அவர் பிறந்த மண் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அவர் கல்லூரியில் படித்த பாத்திமா ஜின்னா கராச்சிக்குப் போனார். அகமது கல்கத்தாவிலேயே இருந்தார். அதோடு நிற்கவில்லை. 1949-இல், சுமார் முப்பது வருடம் சொந்தக் காசு போட்டு வளர்த்த கல்லூரியை மேற்கு வங்க அரசுக்கே கொடுத்துவிட்டார். விற்கவில்லை, கொடுத்தார். ஒரு ஃபிக்சட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன் எடுக்கவே நாம் இரண்டு நாள் தூங்குவதில்லை.

அடுத்த வருடமே டாக்டர் பி.சி. ராய் அமைச்சரவையில் சேர்ந்தார். வேளாண்மை, கூட்டுறவு, நிவாரணம், மறுவாழ்வு என்று பல பொறுப்புகள். 1962 வரை அமைச்சர். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்துகொண்டே இருந்த வருடங்கள் அவை. தான் பிறந்த பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு மறுவாழ்வு கொடுக்கிற துறை அவர் கையில் இருந்தது. ஜூலை 1-ஆம் தேதி நாம் கொண்டாடும் மருத்துவர் தினம் அந்த பி.சி. ராயின் நினைவாகத்தான். ஒரே அமைச்சரவையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த இருவரில் ஒருவர் பெயரில் மருத்துவர் தினம், இன்னொருவர் பெயரில் பல் மருத்துவர் தினம். முதலாவதுக்கு நம் குழுவில் அத்தனை வாழ்த்துப் படங்கள் வருகின்றன. இரண்டாவதுக்கு இதுவரை ஒன்றுகூட நான் பார்த்ததில்லை.

நம் மாநிலத்தில் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. இன்று சேலத்திலேயே கல்லூரி இருக்கிறது. பல்லைக் காட்ட நமக்கு வெகுதூரம் போக வேண்டிய அவசியமில்லை.

1964-இல் அகமதுவுக்குப் பத்மபூஷண் கொடுத்தார்கள். அடுத்த வருடம் பிப்ரவரி 9-ஆம் தேதி காலமானார். வயது 74. கல்கத்தாவில் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் அந்தக் கல்லூரி இன்றும் நடக்கிறது, டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில்.

முகாமுக்குப் பெயர் கொடுக்கும் நோட்டு செக்யூரிட்டி அறையில் இருக்கிறது. முதல் வரியில் என் பெயர். கீழ்க் கடைவாயில் மிச்சமிருக்கும் ஒரு பல், குளிர்ந்த தண்ணீர் பட்டால் பத்து நாளாகக் கூசுகிறது.