ஜோசப் ஹென்றியும் பட்டு சுற்றிய கம்பியும்

மின்விசிறி சுழல்வதையும், கிணற்று மோட்டார் நீர் இறைப்பதையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். இவற்றின் உள்ளே இருப்பது ஒரு கம்பிச்சுருள். அச்சுருளை வலிமையுடையதாக்க வழி கண்டவர்களுள் தலைசிறந்தவர் ஜோசப் ஹென்றி. அவருடைய வாழ்வைச் சற்றுக் காண்போம்.

ஹென்றி 1797ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அமெரிக்காவில் ஆல்பனி என்னும் நகரில் பிறந்தார். தந்தை கூலித் தொழிலாளி. அவரும் ஹென்றியின் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். வறுமையின் காரணமாக ஹென்றி கடிகாரம் செய்பவர் ஒருவரிடம் தொழில் பழகச் சென்றார். பதினாறு வயதில் தற்செயலாகக் கைக்கு வந்த ஒரு விஞ்ஞான நூல் அவர் மனத்தை மாற்றியது. ஆல்பனி அகாடமியில் கட்டணமின்றிப் பயின்று, 1826இல் அங்கேயே ஆசிரியரானார்.

அதற்கு முந்திய ஆண்டுதான் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் தம் மின்காந்தத்தைக் காட்டியிருந்தார். இரும்பின்மீது வார்னிஷ் பூசி, வெறும் கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றியிருந்தார். வெறும் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால், மின்சாரம் சுற்றி வராமல் குறுக்கு வழியில் போய்விடும். ஆகவே சில சுற்றுகளுக்கு மேல் சுற்ற இயலவில்லை. ஹென்றி இதனை மாற்றி யோசித்தார். இரும்பிற்குப் பதிலாகக் கம்பிக்கே பட்டு நூலால் உறை செய்தார். இனி நெருக்கமாகவும், அடுக்கின்மேல் அடுக்காகவும் சுற்றலாம் அல்லவா!

21 பவுண்டு எடையுள்ள இலாட வடிவ இரும்பில், ஒவ்வொன்றும் 60 அடி நீளமான 9 கம்பிகளைச் சுற்றினார். ஒரே மின்கலத்தைக் கொண்டே அது 750 பவுண்டு எடையைத் தாங்கியது. 1831இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த காந்தமோ 2,000 பவுண்டிற்கு மேல் தாங்கியது!

மற்றோர் உண்மையையும் அவர் கண்டார். ஒரே மின்கலமானால் பல குறுகிய சுருள்களைப் பக்க இணைப்பில் சேர்க்க வேண்டும். நெடுந்தூரம் மின்சாரம் செல்ல வேண்டுமானால் பல கலங்களைத் தொடராக இணைத்து, ஒரே நீண்ட சுருளைப் பயன்படுத்த வேண்டும். இம்முறையில் ஒரு மைலுக்கு மேற்பட்ட கம்பியின் வழியே மணியை ஒலிக்கச் செய்தார். தந்திக்கு இதுவே வழிகாட்டியது. 1831இல் மின்காந்தத்தால் ஊசலாடும் சிறு இயந்திரம் ஒன்றையும் அமைத்தார்.

ஆனால் நாளெல்லாம் பாடம் நடத்திய அவருக்கு ஆராய்ச்சி செய்யக் கிடைத்தது பெரும்பாலும் கோடை விடுமுறை மட்டுமே. மின்தூண்டலை அவர் தாமாகவே கண்டறிந்தும், இங்கிலாந்தின் மைக்கேல் ஃபாரடே தம் கண்டுபிடிப்பை முதலில் வெளியிட்டுவிட்டார். புகழ் அவருக்கே சென்றது. ஹென்றி மனம் தளரவில்லை. ஒரு சுருளில் மின்சாரம் மாறும்போது அச்சுருளிலேயே மின்னழுத்தம் தோன்றும் தன் மின்தூண்டலை 1832இல் வெளியிட்டார். தம் மின்காந்தங்களுக்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. அறிவு எல்லோருக்கும் பொது என எண்ணினார்.

1832இல் பிரின்ஸ்டனில் பேராசிரியரானார். 1846இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் முதல் செயலாளராகி, 1878 மே 13ஆம் நாள் மறையும்வரை அப்பணியில் இருந்தார். 1893இல் சிக்காகோவில் கூடிய மின்னியல் அறிஞர்கள், மின்தூண்டலின் அலகிற்கு 'ஹென்றி' எனப் பெயரிட்டனர்.

இன்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் பட்டிற்குப் பதில் எனாமல் பூசிய செப்புக் கம்பியைக் காண்கிறோம். உறை மாறினாலும் முறை மாறவில்லை. முந்திக்கொண்டவர்மீது பொறாமை கொள்ளாமல், கிடைத்த சிறு ஓய்வையும் உழைப்பாக்கிய அவ்வாசிரியரை நாமும் பின்பற்றுவோமாக!