லைனஸ் யேல்

துவிச்சக்கர வண்டிகள் சிலவற்றிற் கைப்பிடித் தண்டினுள்ளேயே பூட்டு மறைந்திருத்தலைக் காண்கிறோம். அத்துணைச் சிறிய இடத்திற் பூட்டை அடக்க வழிவகுத்தவருள் ஒருவர் லைனஸ் யேல். இவர் அமெரிக்காவிலே நியூயார்க் மாகாணத்தில் 1821-ம் ஆண்டிற் பிறந்தார். இளமையில் மாந்தர் உருவந் தீட்டும் ஓவியராக விழைந்தார். பின்னர் அவ்விருப்பைத் துறந்து, தந்தையாரின் பூட்டுத் தொழிலை மேற்கொண்டார்.

பண்டை எகிப்தியரின் மரப்பூட்டில் இருந்த முளைகளைச் சிற்றுருளையொன்றில் அமைத்தார். உரிய திறவுகோல் நுழைந்தாலன்றி முளைகள் ஒரு மட்டத்தில் நில்லா, உருளையுஞ் சுழலாது. பருத்த திறவுகோல் மெலிந்து சட்டைப் பையில் அடங்கிற்று. இவ்வமைப்புக்கு 1861, 1865-ம் ஆண்டுகளில் உரிமைச் சாசனம் பெற்றார்.

1868-ம் ஆண்டு அக்டோபரில் ஹென்றி டௌன் என்பாருடன் கூடித் தொழிற்சாலை நிறுவ முற்பட்டார். ஆயின், அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளன்றே, 47 வயதில், காலமானார். அவர் கண்குளிரக் காணாத அத்தொழிற்சாலையே அவர் பெயரை உலகெங்கும் பரப்பிற்று.